இரண்டேகால் அடி வாசல்

அந்தப் பின்வாசலுக்கு நிலை செய்து கொடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்தவர் வீட்டு விவகாரத்தை ஆதியோடந்தமாகப் பேசிவிட்டு, என் பங்கைக் கடைசியில் மெல்ல நுழைப்பது சரியாக இருக்காது.

மரவேலை என் தொழில். கடைத்தெருவின் கோடியில் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். இந்தப் பக்கத்துப் பெரிய வீடுகளில் பாதிக்கு மேல் ஒரு கொத்தனாரும் நானும் சேர்ந்து வேலை செய்தவை. சுவர் அவருடையது, சுவரில் இருக்கும் வழிகள் என்னுடையவை. முகத்துக்கு நேரே அவரை மேஸ்திரி என்போம். முதுகுக்குப் பின்னால் தூக்குக்குண்டு. கயிற்றில் கட்டித் தொங்கவிட்டு, சுவர் நேராக எழும்புகிறதா என்று பார்க்கிற இரும்புக் குண்டுதான் அது. மனிதர் அதை எப்போதும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவார். அந்தப் பக்கம் சட்டை இறங்கியே இருக்கும். அவர் கட்டிய சுவரில் நூலளவு சாய்வு பார்க்க முடியாது. அந்தப் பெருமையை வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறு கொத்தனார் கட்டிய சுவரைத் தாண்டும்போது மட்டும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருக்கும்.

அவர் மனைவி அவரிடமே சித்தாள். மணல் சலிப்பது, சாந்து கலப்பது, செங்கல் சுமப்பது எல்லாம் அந்த அம்மாள்தான். கணவரைவிட நாலு விரல் உயரம். அதனால் வேலையிடத்தில் நெட்டையக்கா. கல்யாணப் போட்டோவில் மேஸ்திரி செங்கல் மேல் ஏறி நிற்கிறார் என்று ஒரு பேச்சு உண்டு, நான் பார்த்ததில்லை. ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிற வேலை. பேச்சிலும் அதே வேலைதான், சரியான இடம் பார்த்துக் குத்திவிடுவாள்.

மூன்று பேரும் ஒற்றை அறை வாடகை வீட்டில் இருந்தார்கள். பல வருஷம் அலைந்து கடைசியில் ஒரு துண்டு மனை கிடைத்தது. பதினைந்தடி அகலம், முப்பதடி நீளம். வலது பக்கம் அடுத்த வீட்டுச் சுவர். இடது பக்கம் ஒரு ஆள் பக்கவாட்டில் நகர்ந்து போகிற அளவுக்குச் சந்து. பின்னால் யாருடையதோ ஒரு சரக்குக் கிடங்கு. அதன் சுண்ணாம்புச் சுவருக்கும் இவர்கள் கட்டப்போகிற சுவருக்கும் நடுவில் மூன்றடி. தெரு மட்டும் நல்ல தெரு.

ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டினார்கள். மற்ற நாளெல்லாம் அடுத்தவர் வீட்டு வேலை. வரைபடம் ஒன்றும் கிடையாது. மேஸ்திரி குச்சி அடித்து, நூல் பிடித்து, சுண்ணாம்பைத் தூவி மூலையைக் குறித்துவிட்டு என் பட்டறைக்கு வந்தார்.

"அண்ணே, ரெண்டு நிலை வேணும். ஒண்ணு முன்வாசலுக்கு, ஒண்ணு பின்வாசலுக்கு."

"செஞ்சிடலாம் மேஸ்திரி."

பேச்சு அவ்வளவுதான். அளவை அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? முன்வாசல் என்றால் மூன்றரை அடி அகலம், ஏழடி உயரம். பின்வாசல் என்றால் இரண்டேகால் அடி அகலம், ஐந்தேமுக்கால் அடி உயரம். இரண்டும் என் பட்டறைச் சுவரில் பென்சிலால் எழுதியிருக்கும். முன்வாசல் நிலையைச் செய்யும்போது வீட்டுக்காரர்கள் நாலு தடவை வந்து பார்ப்பார்கள், இழைத்த மரத்தைத் தடவிப் பார்ப்பார்கள், ஒரு கோடு கூடப் போடுங்கள் என்பார்கள். பின்வாசல் நிலையைப் பார்க்க இதுவரை ஒருவரும் வந்ததில்லை.

பெரிய வீடுகளில் அது யாருடைய வாசல் என்று எங்களுக்குத் தெரியும். மணலும் செங்கலும் பின்பக்கம்தான் இறங்கும், முன்பக்கம் பாழாகக்கூடாது. சுமையெல்லாம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். வீடு முடிந்து கதவு மாட்டியதும் முன்வாசல் எங்களுக்கு மூடிவிடும். அதற்குப் பிறகு ஒரு ஓடு பெயர்ந்தாலோ கீல் இறுகினாலோ கூப்பிட்டு அனுப்புவார்கள். முன்னறையில்தான் வேலை என்றாலும் பின்னால் சுற்றித்தான் போக வேண்டும். வேலையைச் செய்துவிட்டு முன்வாசல் படிக்குக் கீழே வந்து நின்று, "அம்மா, வேலை முடிஞ்சுது," என்று குரல் கொடுப்போம். "பின்னாடி வா," என்று உள்ளேயிருந்து பதில் வரும். இதில் யாருக்கும் வருத்தம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மழை பெய்தால் நனைகிறோம், அதுபோல.

சுவர் எழும்பியது. மகள் செங்கல் நனைத்தாள், நெட்டையக்கா சாந்து கலந்தார், மேஸ்திரி வரிசை வைத்தார். வெயில் சுள்ளென்று அடித்த மாதங்கள். பதினோரு மணிக்கு ரொட்டியும் அவித்த முட்டையும் பச்சை வெங்காயமும். நானும் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். பின்சுவரை எழுப்பும்போது மேஸ்திரி மூன்றடிச் சந்தில் சாரம் கட்டி நின்றார். நெட்டையக்கா தெருவிலிருந்து சாந்துச் சட்டியைத் தலையில் ஏற்றி, முன்வாசல் வழியாக நுழைந்து, பின்வாசல் வழியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு நாளைக்கு அறுபது நடை இருக்கும். பின்வாசலுக்கு மேலே சுவரைத் தாங்குகிற லிண்டலை மேஸ்திரி மற்றதைவிட ஒன்றேகால் அடி இறக்கியே போட்டார். அதையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சுவர் வேலை முடிந்து, மேலே பலகை அடித்துக் கூரைக்கு ஏற்பாடு செய்ய வேண்டிய சமயம். நான் முன்வாசல் நிலைக்குக் கீல் பதிக்கப் போயிருந்தேன். நெட்டையக்கா புதுச் சுவருக்குத் தண்ணீர் விடுவதற்காக ரப்பர் குழாயை இழுத்துக்கொண்டு பின்வாசலைத் தாண்டினார். தாண்டியவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பி உள்ளே வந்தார். மறுபடி வெளியே போனார். மறுபடி உள்ளே. குழாயிலிருந்து தண்ணீர் தரையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னம்மா தேடுற?" என்றாள் மகள்.

அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் கணவரைக் கூப்பிட்டார்.

"ஏங்க, இந்த வாசல் எதுக்கு?"

மேஸ்திரி ரசமட்டத்தை வைத்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்குன்னா? பின்வாசல்."

"அது தெரியுது. யாருக்கு?"

"வீடுன்னா பின்வாசல் வேணாமா?"

"பின்னால என்ன இருக்கு? கிடங்குச் சுவரு. மூணடியில போய் நின்னு நான் அந்தச் சுவத்தோட பேசுறதா?"

"குப்பை கொட்டணும், பாத்திரம் கழுவணும். நூறு வேலை இருக்கும்."

"பாத்திரம் கழுவ உள்ளயே தொட்டி கட்டியிருக்கீங்க. குப்பை வண்டி முன்னாடி தெருவுல வருது. மத்த தொண்ணூத்தெட்டு வேலை என்னன்னு சொல்லுங்க."

"நாளைக்கு ஏதாவது ரிப்பேருன்னு ஆள் வந்தா?"

"எந்த ஆளு?"

"குழாய் ரிப்பேர்க்காரன். பெயின்ட் அடிக்கிறவன்."

"அவன் எதுக்குப் பின்னாடி வரணும்? நம்ம கூட உக்காந்து டீ குடிக்கிறவன்."

மேஸ்திரி ரசமட்டத்தில் இருந்த குமிழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மூணு பேர் இருக்கப்போற வீட்டுல நாலாவது ஆளுக்கு ஒரு வாசல் வெச்சிருக்கீங்கப்பா," என்றாள் மகள்.

நெட்டையக்கா அடுத்து என் பக்கம் திரும்பினார். நான் கீலை மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, இந்த உயரம் யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலம்மா."

"அப்புறம்?"

"பின்வாசல்னாரு. செஞ்சேன்."

"அவரு சொல்லல, நீங்க கேக்கல. ரெண்டு பேரும் ரொம்ப நல்லாப் பேசிக்கிட்டீங்க." கோபமாகச் சொல்லவில்லை. அந்த அம்மாளுக்குக் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. "தலையில சுமை வெச்சவ தலையக் குனிய முடியாதுண்ணே. முட்டியத்தான் மடக்கணும். சட்டியோட அரையடி இறங்கி, நிலையத் தாண்டி, மறுபடி எந்திரிக்கணும். இருபத்தெட்டு வருஷமா எத்தனை வீடு, எத்தனை தடவைன்னு யாரு கண்டா. அதுதான் முட்டி ரெண்டும் இப்படி ஆயிடுச்சு. இவரு கட்டி முடிக்கட்டும், இந்த வீட்டோட வேலையை விட்டுடலாம்னு நெனச்சிருந்தேன். இப்பத் தலையில ஒண்ணுமே இல்ல. கையில ரப்பர் குழாய்தான். முட்டி தானா மடங்குது. என் வீட்டுல."

 மேஸ்திரி ரசமட்டத்தைக் கீழே வைத்தார்.

"உயரம்தானே. லிண்டலைத் தூக்கிப் போட்டா ஆச்சு."

"தூக்க வேணாம். அடைச்சிடுங்க."

"பாதியை அடைச்சு ஜன்னலாக்கிடலாம்," என்று நான் ஊடே புகுந்தேன்.

"கிடங்குச் சுவத்த வேடிக்கை பாக்கவா? நீங்க செஞ்சது போதும்ணே."

"கட்டின சுவத்துல வாசலை அடைச்சா ஒட்டுப் போட்ட சட்டை மாதிரி தெரியும்," என்றார் மேஸ்திரி. "எங்க இருந்து பாத்தாலும் தெரியும். என் கையால என் சுவத்துல ஒட்டுப் போட மாட்டேன்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கங்க. கூரைக்குக் காங்கிரீட் போடுற அன்னைக்கு இந்த ஓட்டை இருந்துச்சுன்னா நான் இந்த வீட்டுக்குக் குடிவர மாட்டேன். எனக்கு வாடகை ரூமே போதும். அங்க ஒரே வாசல்தான்."

சொல்லிவிட்டு வெளியே போய் மணல் குவியல் மேல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை வந்தார். வேலை எதையும் நிறுத்தவில்லை. மணல் சலித்தார், செங்கல் அடுக்கினார், தேநீர் போட்டார். ஆனால் படியைத் தாண்டவில்லை. தேநீர் டம்ளரை முன்வாசல் படியில் வைத்துவிட்டு, "டீ," என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். உள்ளே இருக்கிறவர் வந்து எடுத்துக்கொள்வார். குடித்துவிட்டு டம்ளரை அதே இடத்தில் வைப்பார். வாடகை அறையில் இதே இருவரும் ஒரே பாயில் எப்படிப் படுத்துக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டாவது ஞாயிறு காற்று கிளம்பி மணலை வாரி இறைத்தது. நெட்டையக்கா சல்லடையைச் சாய்த்துவிட்டு முந்தானையால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போனா என்னம்மா? கதவைப் போட்டுப் பூட்டிட்டா அது இருக்கிறதே தெரியாது."

"பூட்டிட்டா இல்லாமப் போயிடுமா? நீங்க ஒரு கதவு செய்யிறவரு, இப்படிச் சொல்றீங்க." முந்தானையை உதறிவிட்டு, "மேட்டுத் தெருவுல ஒரு பிரார்த்தனைக் கூடம் கட்டினோமே, ஞாபகம் இருக்கா?" என்றார்.

ஞாபகம் இருந்தது. வெளியூர் இன்ஜினியர் ஒருவர் வந்து கட்டியது. முன்னால் மூன்று வாசல். மூன்றும் ஒரே அகலம், ஒரே உயரம். பின்பக்கம் வெறும் சுவர். நான் அளவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து அவரிடமே போய்க் கேட்டேன். எல்லாரும் முன்னால்தான் வருவார்கள், வேறு வழி தேவையில்லை என்றார். மணலை எங்கே கொட்டுவது என்று மேஸ்திரி ஒரு வாரம் முணுமுணுத்தார்.

"அங்க சுமையோட முன்னாடிதான் போனேன்," என்றார் நெட்டையக்கா. "நிமிந்துதான் போனேன். உள்ள ஒண்ணுமே இல்ல. வெறும் சுவரு, மேல வெளிச்சம். சட்டிய எறக்கி வெச்சுட்டு ரெண்டு நிமிஷம் சும்மா நிப்பேன். சாமின்னு எனக்குப் பெருசா ஒண்ணும் கிடையாதுண்ணே, நேரமும் இல்ல. அங்க நிக்கிறப்ப மட்டும், இங்க யாரோ என்னைய எதிர்பாத்துக்கிட்டு இருந்த மாதிரி இருக்கும். சொன்னா சிரிப்பீங்க."

"சிரிக்கலம்மா."

"திறந்த பிறகும் ஒரு நாள் போய்ப் பாத்தேன். புதுப் புடவை கட்டிக்கிட்டு. அதே வாசல்ல விட்டாங்க. சும்மா போய் உக்காந்துட்டு வந்தேன். சொந்த வீடுன்னா அப்படி இருக்கும்னு நெனச்சிருந்தேன். அவ்வளவுதான் விஷயம்."

 மூன்று நாள் கழித்து, வேறொரு பெரிய வீட்டு வேலையிடத்தில் மேஸ்திரியிடம் பேச்சைக் கொடுத்தேன். அவர் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கீரையும் சோறும்.

"அந்தம்மா கேக்குறது நியாயமாத்தானே இருக்கு மேஸ்திரி."

"நியாயமில்லன்னு நான் சொன்னேனா?"

"அப்புறம் ஏன் பிடிவாதம்?"

சோற்றை வாயில் போட்டு மென்று முடித்தார். அவர் எதையும் அவசரமாகச் செய்யாதவர். "நூல் புடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரம் யோசிச்சேன்ணே. நம்ம வீடு எப்படி இருக்கணும்னு. கண்ணை மூடினா வக்கீல் வீடுதான் வருது. அதுக்கு முன்னாடி கட்டின டாக்டர் வீடு வருது. எல்லாத்தையும் சின்னதாக்கிச் சின்னதாக்கிப் பாத்தேன். எனக்கு வேற வீடு தெரியாது. தெரிஞ்சதைக் கட்டினேன்."

"சரி, கட்டியாச்சு. இப்ப அடைச்சிடலாமே."

"அடைச்சா, நான் என்ன கட்டினேன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும்," என்றார். பிறகு கையைக் கழுவப் போய்விட்டார். அந்த வீட்டின் பின்பக்கத்துக் குழாயில்தான்.

மூன்றாவது ஞாயிறு வக்கீல் வந்தார். மேஸ்திரி கட்டியதிலேயே பெரிய வீடு அவருடையதுதான். நல்ல மனிதர். கடுமையாக ஒரு வார்த்தை சொன்னதாக யாரும் சொல்ல மாட்டார்கள். சொந்த வீடு கட்டுகிறேன், வந்து பாருங்கள் என்று மேஸ்திரி எப்போதோ சொல்லியிருக்கிறார். அதை ஞாபகம் வைத்துக்கொண்டு வந்துவிட்டார். காரைத் தெருவில் நிறுத்தி இறங்கினார். நெட்டையக்கா மணல் குவியலிலிருந்து எழுந்து நின்றார்.

"மேஸ்திரி இருக்காராம்மா?"

"உள்ள இருக்காருங்க ஐயா."

வக்கீல் படியேறி முன்வாசல் வழியாக உள்ளே போனார். மேஸ்திரி உள்ளே பலகைகளுக்கு முட்டுக் கொடுத்திருந்த கம்புகளை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் மகளும் அவருக்குப் பக்கத்தில் நின்றோம். வக்கீலின் குரல் கேட்டதும் மேஸ்திரி கையை வேட்டியில் துடைத்தார். துடைத்தவர் குரல் வந்த பக்கம் போகவில்லை. குனிந்து பின்வாசல் வழியாக வெளியேறி, மூன்றடியில் திரும்பி, சந்துக்குள் பக்கவாட்டில் நுழைந்து, எதிர்ப்பக்கத்துச் சுண்ணாம்புச் சுவரிலும் தன் சுவரிலும் உரசிக்கொண்டு, வீட்டைச் சுற்றி முன்வாசலுக்கு வந்து நின்றார். தோள் முழுக்கச் சுண்ணாம்பு.

உள்ளே அவரைத் தேடிவிட்டுத் திரும்பிய வக்கீல் முன்வாசல் நிலைக்கு நடுவில் வந்து நின்றார். கீழே மேஸ்திரி, கைகளைக் கோத்துக்கொண்டு.

"அட, இங்க இருக்கியா. வாய்யா, உள்ள வா."

"இருக்கட்டுங்க ஐயா."

"நல்லாக் கட்டியிருக்க. நம்ம வீட்டு அமைப்பு அப்படியே இருக்கே."

"ஆமாங்க ஐயா."

"முன்னறை, உள்ளறை எல்லாம் அதே வரிசை. பின்வாசல்கூட வெச்சிருக்க." வக்கீல் சிரித்துக்கொண்டே நெட்டையக்கா பக்கம் திரும்பினார். "என்னம்மா, வீட்டு வேலைக்கு ஆள் வெச்சுக்கப் போறீங்களா?"

"ஆள் எதுக்குங்க ஐயா," என்றார் நெட்டையக்கா. "நாங்கதான் இருக்கோமே."

வக்கீல் நன்றாகச் சிரித்தார். இன்னும் கொஞ்ச நேரம் படிக்கு மேலேயே நின்று கம்பி எத்தனை, ஜல்லி எங்கே வாங்கினாய் என்று விசாரித்தார். மேஸ்திரி கீழே நின்று பதில் சொன்னார். பிறகு காரில் ஏறிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலில் நின்றவர் வந்தவரை உள்ளே கூப்பிட்டார்.

கார் திரும்பி மறைந்த பிறகு மகள்தான் பேசினாள்.

"அப்பா, அவர் உங்களை நம்ம வீட்டுக்குள்ள வரச் சொன்னார். நீங்க வரலை."

மேஸ்திரி தோளில் இருந்த சுண்ணாம்பைப் பார்த்தார். தட்டிவிட்டார், போகவில்லை. அன்றைக்கு அதற்கு மேல் வேலை நடக்கவில்லை. படியில் வைத்த தேநீர் ஆறிப்போய் அதில் மணல் விழுந்தது.

காங்கிரீட் புதன்கிழமை என்று முடிவாகியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் மேஸ்திரி என் பட்டறை வாசலில் நின்றார்.

"அண்ணே, அந்த நிலையக் கழட்டணும்."

ரம்பத்தையும் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு கூடவே போனேன். மகள் வேலைக்குப் போய்விட்டாள். நெட்டையக்கா வழக்கம்போல மணல் குவியல் பக்கத்தில் இருந்தார். நாங்கள் இருவரும் உள்ளே போய், சுவரில் பதித்திருந்த இரும்புப் பட்டைகளை அறுத்து, நிலையை அசைத்து அசைத்து உருவினோம். நான் செய்ததாயிற்றே, லேசில் வரவில்லை. தெருவுக்குக் கொண்டுவந்து சாய்த்தபோது நெட்டையக்கா அதைப் பார்த்தார்.

"இதை என்ன பண்ணப் போறீங்க?"

"அடுத்த வேலைக்கு ஆகும்மா. மரம் நல்ல மரம்."

"அடுத்த வீட்டுக்கா?" என்றார். நிலையின் மேல்கட்டையைத் தடவிப் பார்த்தார். "அப்ப அரையடி ஒட்டுக் குடுத்து உசத்திப் போடுங்க."

உசத்தித்தான் போட்டேன். அதற்குப் பிறகு செய்கிற பின்வாசல் நிலை எல்லாமே ஆறேகால் அடிதான். சுவரில் இருந்த பென்சில் எழுத்தையும் அழித்து எழுதிவிட்டேன். இதுவரை எந்த வீட்டுக்காரரும் ஏன் என்று கேட்டதில்லை. அந்த வழியாகப் போகாதவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

மேஸ்திரி சாந்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு மூன்றடிச் சந்துக்குப் போய்விட்டார். உள்பக்கம் நின்றே அடைத்திருக்கலாம். பின்சுவர் என்றால் பின்னால் நின்று கட்டுவது அவர் வழக்கம், கால் தானாகப் போய்விட்டது. பழைய செங்கலின் ஓரங்களைக் கொத்தி, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை பல் எடுத்தார். புதுச் செங்கல் அதில் போய்க் கோத்துக்கொண்டால் ஒட்டுத் தெரியாது. எல்லாம் தயாரான பிறகுதான் ஒரு விஷயம் உறைத்தது. செங்கலும் சாந்தும் தெருவில் இருக்கின்றன. பக்கத்துச் சந்து வழியாகச் சட்டியோடு யாரும் வர முடியாது. வீட்டுக்குள் புகுந்துதான் கொடுக்க வேண்டும். நான் ஒரு சட்டியைத் தூக்கிப் பார்த்தேன். இடுப்பு வேண்டாம் என்றது.

"விடுங்கண்ணே," என்றார் நெட்டையக்கா.

சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். சட்டியை ஏற்றிக்கொண்டு படியின் முன்னால் வந்து நின்றார்.

"ஓட்டை இன்னும் இருக்கேம்மா," என்றேன். சொல்லியிருக்க வேண்டாம்.

"அடைக்கத்தானே போறேன்."

படியேறி உள்ளே போனார். நான் கீழே நின்று பார்த்தேன். சட்டி விளிம்புக்கும் ஏழடி நிலைக்கும் நடுவில் அரையடிக்கு மேல் வெளிச்சம் இருந்தது. முட்டி மடங்கவில்லை.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம். மனைவி உள்ளே நின்று கொடுத்தார், கணவர் வெளியே நின்று வாங்கி வைத்தார். முதலில் முழு ஆளும் தெரிந்தார்கள். வரிசை ஏற ஏற இடுப்பு மறைந்தது, மார்பு மறைந்தது. கூரைக்குப் பலகை அடித்திருந்ததால் உள்ளே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துப் பேசியவர்கள் இப்போது சுவருக்கு மேலாகப் பேசிக்கொண்டார்கள்.

"சாந்து தண்ணியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"உங்க சட்டை கிழிஞ்சிருக்கு, தோள்ல."

"அன்னைக்குக் கிழிஞ்சது."

"கழட்டிக் குடுங்க, சாயங்காலம் தெச்சுத் தர்றேன்."

"ஒட்டுத் தெரியாமத் தை," என்றார் மேஸ்திரி.

கழுத்துயரம் வந்ததும் அவர் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து ஓட்டை வழியாக நீட்டினார். அதை இன்னொருவர் கையில் கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"உள்பக்கம் பாரு."

நெட்டையக்கா நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டார். அது ஆடி நிற்கிறவரை மூவரும் காத்திருந்தோம். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். கணவர் செய்வது போலவே.

"நேராத்தான் இருக்கு."

"நூலளவு?"

"நூலளவு."

கடைசியாக மேஸ்திரியின் நெற்றி மட்டும் தெரிந்தது, பிறகு கை மட்டும், பிறகு அதுவும் இல்லை. கடைசிச் செங்கல் உள்ளே இறங்கி, கரண்டியின் காம்பால் தட்டுகிற சத்தம் இரண்டு தடவை கேட்டது. அறை இருண்டுவிட்டது. நெட்டையக்கா சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். ஈரம். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தார். நானும் வந்தேன்.

மேஸ்திரி சந்தில் நகர்ந்து வருவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டே வந்தது. முன்வாசலுக்கு வந்தவர் படிக்குக் கீழே நின்றார். ஒரு கையில் கரண்டி, மறு கையில் சாந்து. வெயிலில் நிற்கிறவருக்கு உள்ளே இருப்பவர்கள் தெரிந்திருக்க மாட்டார்கள். இருட்டைப் பார்த்து, எல்லா வீட்டிலும் கொடுக்கிற அதே குரலைக் கொடுத்தார்.

"அம்மா, வேலை முடிஞ்சுது."

வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கரண்டியைக் கீழே இறக்கினார். என்ன செய்வதென்று தெரியாமல் தெருவைப் பார்த்தார். நான் நெட்டையக்காவைப் பார்த்தேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பின்னாடி வழி இல்ல," என்றார். "இப்படியே வாங்க."

அவர் படியேறினார். மூன்றரை அடி அகலம், ஏழடி உயரம், என் கையால் அளந்து செய்த நிலை. அதன் கீழே மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வந்தார்.